குழி வெட்டியவனுக்கு வானத்தில் பங்கில்லையா?

"எங்கோ நட்சத்திரம் செத்தால் உனக்கென்ன? உன் வயிற்றுப்பாட்டைப் பார்!" என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்யும் மேதாவிகள் இருக்கிறார்கள். பாதாளத்தில் பணத்தைக் கொட்டி நியூட்ரினோ தேடுவது வீண் என்கிறார்கள். அவர்களுக்கு நாம் பதில் சொல்கிறோம்.

பெரிய நட்சத்திரம் ஒன்றின் எரிபொருள் தீர்ந்ததும், அதன் நடுப்பகுதி தன் பாரம் தாங்காமல் நொடிப்பொழுதில் இடிந்து விழுகிறது. அப்போது வெளிப்படும் சக்தியில் நூற்றுக்கு 99 பங்கைச் சுமந்து ஓடுபவை நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள். மலையும் அவற்றுக்குத் தடையில்லை. குழப்பம் செய்யும் மற்றக் கதிர்களை மலை தடுத்துவிடும். அதனால்தான் மண்ணுக்கடியில் காவல்!

1987 பிப்ரவரி 23. ஜப்பானில் துத்தநாகமும் ஈயமும் வெட்டிய கமியோகா சுரங்கம். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் 3,000 டன் தண்ணீர்த் தொட்டி. அதில் 13 வினாடிக்குள் 11 துகள்கள் மோதி ஒளி சிந்தின. அமெரிக்காவில் ஓஹையோ உப்புச் சுரங்கத்தில் 8. அன்றைய சோவியத் நாட்டில், காகசஸ் மலையைக் குடைந்த பக்ஸான் ஆய்வுக்கூடத்தில் 5. சுமார் 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் மாண்ட சேதி, வெடிப்பின் வெளிச்சம் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே வந்துவிட்டது! நட்சத்திரம் எப்படிச் சாகிறது என்று விஞ்ஞானிகள் போட்ட கணக்கு மெய்யாயிற்று.

கமியோகா ஆராய்ச்சியை நடத்திய மசதோஷி கொஷிபாவுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. தகும்! ஆனால் பாறையைப் பிளந்து அந்தக் குழியை வெட்டிய கைகள் யாருடையவை?

அதே சுரங்கத்துக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. முதலாளியின் லாபத்துக்காக அது நடந்தபோது, காட்மியக் கழிவு ஜின்சூ ஆற்றில் கலந்தது. அந்த நீர் பாய்ந்த வயலின் அரிசியைத் தின்ற உழவர் குடும்பங்களில் எலும்புகள் முறிந்தன. "வலிக்குதே, வலிக்குதே" என்ற அலறலே நோயின் பெயராயிற்று: இத்தாய்-இத்தாய். 1968இல்தான் சர்க்கார் காரணத்தை ஒப்புக்கொண்டது. உழவர்கள் வழக்காடி, 1972இல் மேல்கோர்ட்டிலும் வென்றார்கள்.

லாபம் ஆண்டபோது அந்தக் குழி விஷத்தைக் கக்கியது. அறிவுக்குத் திறந்தபோது வானத்தின் சேதியைத் தந்தது. எனவே, யாருக்காக வெட்டுகிறோம் என்பதே கேள்வி. விஞ்ஞானம் ஆகாது என்று ஒதுங்கினால் யாருக்கு லாபம்?

இன்று அதே மலைக்கடியில் 50,000 டன் நீருடன் சூப்பர் கமியோகாண்டே அடுத்த நட்சத்திரத்துக்காகக் காத்திருக்கிறது. தோழர்களே, கூலியும் கேட்போம். விஷமில்லாத தண்ணீரும் கேட்போம். நட்சத்திரத்தின் கணக்கையும் கேட்போம்!