‘அல்ல’ என்று சொல்லத் தெரியாத வழங்கிகள்

தனக்குரியதல்லாத பெயரை விளித்து வரும் கோரிக்கைக்கு ஒரு வழங்கி என்ன விடை தர வேண்டும்? நம் பல்கலைக்கழகத் துறைகளின் தளங்களைப் பராமரிப்போரிடம் கேட்டால், ‘யார் வந்தால் என்ன, முகப்பைக் காட்டிவிட்டுப் போகலாம்’ என்பார்கள். இதனை விருந்தோம்பல் என்று எண்ணுவது பிழை. இது ஆள்மாறாட்டத்துக்கு உடன்படுதல்.

ஒரே ஐ.பி. முகவரியில் பல தளங்கள் இயங்குவதால், உலாவி தான் தேடும் பெயரை ‘ஹோஸ்ட்’ என்னும் தலைப்பில் எழுதி அனுப்புகிறது. 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 இதனைக் கட்டாயமாக்கியது. அப்பெயர் அமைப்புக் கோப்பில் இல்லையெனில், நாம் வேறு ஏற்பாடு செய்யாதவரை, அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் முதலில் நிற்கும் தளத்தையே எடுத்து நீட்டுகின்றன.

விளைவு என்ன? எவரேனும் தம் பெயரை நம் முகவரிக்குச் சுட்டிவிட்டால், நம் தரவகம் அவர் பெயரில் திறக்கும். எச்.டி.டி.பி.எஸ். வழியெனில் சான்றிதழ் பொருந்தாமல் உலாவி எச்சரிக்கும்; 80-ஆம் வாயிலில் அந்தக் காவலும் இல்லை. அம்முகவரியை ஒரு மாணவர் ஆய்வேட்டில் குறித்துவிட்டால், பெயர் வேறிடம் சுட்டப்படும் நாளில் அது பொய்ச்சான்றாகும். இன்னும் கொடியது: வந்த பெயரை அப்படியே நம்பும் செயலி, கடவுச்சொல் மீட்பு இணைப்பையும் போலிப் பெயரிலேயே எழுதி அனுப்பும். ஏற்கத்தக்க பெயர்களின் பட்டியலை ஜாங்கோ 2013 முதல் கேட்பது இதனால்தான்.

‘404 போதுமே’ என்பார்க்கு மொழியியலே மறுமொழி. ‘இல்லை’ இருப்பை மறுக்கும். ‘அல்ல’ அடையாளத்தை மறுக்கும். பேச்சுத்தமிழ் இரண்டையும் பெரும்பாலும் ‘இல்ல’ என்பதில் கரைத்துவிட்டது. நான் வாழும் தேவராஜ மொஹல்லாவின் கடைத்தெருவிலோ கன்னடர்கள் ‘இல்ல’, ‘அல்ல’ இரண்டையும் இன்றும் பிரித்தே வழங்குகின்றனர். 404 என்பது ‘இல்லை’: நீர் தேடியவன் நானே, கேட்ட பொருள் என்னிடம் இல்லை. எச்.டி.டி.பி. 2-உடன் 2015-இல் வந்த 421 என்பது ‘அல்ல’: அப்பெயருக்காக விடைசொல்லும் உரிமையுடையவன் நான் அல்லேன். 2022-இன் ஆர்.எஃப்.சி. 9110 இதனைப் பொது நெறியிலேயே சேர்த்துக்கொண்டது. நம் முகப்புக்குத் திருப்பிவிடுதலோ, பிறர் பெயரை நம்முடையது என ஒப்புக்கொள்வதாகும்.

கதவை அடைக்குமுன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ‘.இந்தியா’ போன்ற தமிழெழுத்துப் பெயர்கள் பியூனிகோட் முறையில் உரோமன் எழுத்துத் தொடராக மாறியே வழங்கியை அடைகின்றன. என்ஜின்எக்ஸ் அமைப்பிலும் அவ்வடிவையே எழுத வேண்டும். தமிழில் எழுதிவைத்தால் நம் சொந்தப் பெயரே அந்நியமாகித் திருப்பி அனுப்பப்படும்.

ஆகவே, அமைப்புக் கோப்பின் முதலிடத்தில் எந்தத் துறையின் தளமும் நிற்க வேண்டா. பெயரற்ற ஒரு பகுதியை அங்கே நிறுத்தி, அது 421 மட்டுமே சொல்லட்டும். 443-ஆம் வாயிலில், அறியாத பெயருக்குக் கைகுலுக்கலையே மறுக்கட்டும். சில வரிகளில் முடியும் வேலை இது. ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூலம் கேட்கும் நாம், நம் மூலங்கள் எவர் பெயரிலும் பேசுவதைப் பொறுத்துக்கொள்வது அறிவுநேர்மை அல்ல.