ஏசி இல்லாமல் வீடு குளிருமா? மொட்டைமாடிக்கு ஒரு புது வெள்ளை!

ராத்திரி பத்து மணி. சூரியன் மறைந்து மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஆனாலும் மேல்மாடி வீட்டில் ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது. பகல் முழுக்க கான்கிரீட் தளம் குடித்த வெயிலை, ராத்திரி நம் தலையில் இறக்கி வைக்கிறது. 'பேசாம ஒரு ஏசி வாங்கிடலாமா?' என்ற பேச்சு ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிடும்.

ஆனால், ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளே இருப்பதை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. ஏசி வாங்க முடியாத பக்கத்து வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத் தாங்க வேண்டும். கரன்ட்டே இல்லாமல் கூரை தானாகக் குளிர முடியுமா?

முடியும் என்று 2014-ல் காட்டியது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமன், ஷன்ஹுய் ஃபான் ஆகியோரின் குழு. அவர்கள் உருவாக்கிய மெல்லிய அடுக்குப் படலம், நேர் வெயிலிலும் சுற்றியிருக்கும் காற்றைவிட சுமார் 5 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தது.

எப்படி? அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. தன்னிடம் இருக்கும் வெப்பத்தை 8 முதல் 13 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிராக வெளிவிடுகிறது. அந்த அலைநீளத்தைக் காற்றுமண்டலம் பெரிதாகத் தடுப்பதில்லை. வெப்பம் நேராக விண்வெளிக்கே போய்விடும்!

பெயின்ட் டப்பாவுக்குள் விஞ்ஞானம்

படலத்தை எல்லா மாடியிலும் விரிக்க முடியாதே? அதே வேலையை பெயின்ட்டில் கொண்டுவந்தது பர்டூ பல்கலைக்கழகம். 2020-ல் கால்சியம் கார்பனேட் கலந்த பெயின்ட் 95.5% வெயிலைத் திருப்பியது. 2021-ல் பேரியம் சல்ஃபேட் கலந்தது 98.1% திருப்பியது. சாதாரண வெள்ளை பெயின்ட் 80 முதல் 90% திருப்பும்.

'எட்டு சதவிகிதம்தானே கூடுதல்?' என்று தோன்றலாம். கணக்கைத் திருப்பிப் போடுங்கள். முன்பு 10 பங்கு வெயில் உள்ளே போனது. இப்போது 2 பங்குதான். ஐந்தில் ஒன்று!

ரகசியம் துகள்களின் அளவில் இருக்கிறது. வெவ்வேறு அளவுத் துகள்கள் வெவ்வேறு அலைநீள ஒளியைச் சிதறடிக்கும். வழக்கமான பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடு, புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சூடாகிவிடும். பேரியம் சல்ஃபேட்டுக்கு அந்தப் பிரச்னை இல்லை.

இதில் ஒரு சுவாரஸ்யம்... அந்தக் கால்சியம் கார்பனேட் நமக்குப் பழைய சிநேகிதன். மாடியில் சுண்ணாம்பு அடித்தால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகத்தான் மாறுகிறது. நம் தாத்தா பாட்டி அடித்ததன் நுணுக்கமான வடிவம்தான் ஆய்வகத்தில் வந்திருக்கிறது.

நம்ம ஊருக்கு ஒத்துவருமா?

ஒரு சிக்கல் உண்டு. காற்றில் ஈரப்பதம் கூடினால், வெப்பம் விண்வெளிக்குப் போகும் ஜன்னல் பாதி மூடிக்கொள்ளும். எனவே வறண்ட ஊரில் கிடைக்கும் முழுப் பலன், புழுக்கமான சென்னையில் கிடைக்காது. தூசி படிந்தாலும் பலன் குறையும். ஆனால், வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலை எந்த ஊரிலும் நடக்கும். அதனால் புது பெயின்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். சுண்ணாம்போ, நல்ல வெள்ளை பெயின்ட்டோ அடித்து, மாடியை அவ்வப்போது கழுவினாலே பெரும்பங்கு லாபம்தான்.

அப்படியானால் தடை எங்கே? தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. அரசு, வணிகக் கட்டடங்களுக்குக் கட்டாயம். சின்ன வீடுகளுக்கு விருப்பம்தான். ஆனால், அனலில் அதிகம் வேகிறவர்கள் அந்தச் சின்ன வீடுகளில்தானே இருக்கிறார்கள்! அதிலும் வாடகைக்கு இருப்பவர் மாடியில் பெயின்ட் அடிக்க ஹவுஸ் ஓனர் மனசு வைக்க வேண்டும். பெயின்ட் செலவு அவருக்கு, புழுக்கம் இவருக்கு.

வெயிலைத் திருப்பி அனுப்ப விஞ்ஞானம் வழி சொல்லிவிட்டது. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை நாம்தான் பேசித் தீர்க்க வேண்டும், அடுத்த ஏப்ரலுக்குள்!