ஏலக்காய் பாக்கெட்டில் எதை அச்சிட வேண்டும்?

போடிநாயக்கனூரில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு, தரம் பிரித்த ஏலக்காயை 25 கிராம் பாக்கெட்டாகப் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய்க்குப் பஞ்சமில்லை. எட்டு எம்.எம். பருமன் காய் எது, ஏழு எது என்று சொல்லும் கண்ணும் கையும் ஊர்ப் பெண்களுக்கு உண்டு. உள்ளங்கை அளவுக் கவரில் என்னென்ன அச்சிட வேண்டும் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பொருளின் பெயர், பாக்கெட் போட்டவரின் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை, பாக்கெட் போட்ட தேதி, எதுவரை பயன்படுத்தலாம், லாட் எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சின்னம், 14 இலக்கப் பதிவு எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, புகார் சொல்லத் தொலைபேசி எண், மின்னஞ்சல். எழுத்தும் எண்ணும் எத்தனை மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பதற்கும் தனிக் கணக்கு இருக்கிறது.

இவ்வளவும் ஒரே சட்டத்திலிருந்து வரவில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரச் சட்டமும் அதன்கீழ் வந்த 2020 லேபிள் ஒழுங்குமுறைகளும் ஒரு பக்கம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011 பொட்டலப் பொருள் விதிகளும் மறுபக்கம். தமிழ்நாட்டில் முதலாவதை உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும், இரண்டாவதைத் தொழிலாளர் துறை ஆய்வர்களும் கவனிக்கிறார்கள். சில விவரங்களில் உணவுச் சட்டமே பொருந்தும் என்று எடையளவு விதிகளே ஒதுங்கிக்கொள்கின்றன. ஆனால் எந்த விவரத்தில், எந்த அளவுக்கு என்று தெரிய இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பெரிய மசாலா நிறுவனத்தில் இதற்கென்றே ஆள் இருப்பார். சிறு வியாபாரிக்கு கவர் அச்சடிக்கும் அச்சகக்காரர்தான் சட்ட ஆலோசகர்.

மொழியும் ஒரு தடை. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும் என்று இரண்டு விதிகளும் சொல்கின்றன. தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் மட்டும் அச்சிட்டால் விதிமீறல். போடியில் பொதிந்து தேனியிலும் மதுரையிலும் விற்கும் பாக்கெட்டை வாங்குபவருக்குப் புரியும் மொழி, சட்டத்தின் பார்வையில் உபரி. சின்னக் கவரில் இரண்டு மொழிக்கு இடம் இல்லாததால் விடுபடுவது பெரும்பாலும் தமிழ்தான்.

விலை இன்னொரு தலைவலி. ஏலக்காயின் விலையைத் தீர்மானிப்பது போடியிலும் இடுக்கி மாவட்டத்தின் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியம் நடத்தும் மின்னணு ஏலம். அங்கே விலை நிலையாக நிற்பதில்லை. 2018 கேரளப் பெருவெள்ளத்துக்குப் பிறகு காய் குறைந்து, 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அடுத்து வந்த ஆண்டுகளில் அதே காய் அதில் கால்வாசிக்கும் கீழே இறங்கியது. இப்படி ஏறி இறங்கும் சரக்குக்கு அதிகபட்ச விலையோடு கிராம் விலையையும் 2022 முதல் அச்சிட வேண்டியிருக்கிறது. ஏலத்தில் விலை மாறும்போதெல்லாம் இரண்டையும் மாற்ற வேண்டும். விலையைக் குறைப்பதற்குத்தான் மேலே ஸ்டிக்கர் ஒட்ட அனுமதி; அதுவும் பழைய விலையை மறைக்கக் கூடாது.

தவறினால் என்ன ஆகும்? லேபிள் விதிப்படி இல்லாத உணவுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தண்டிக்கும் அலுவலர் குற்றத்தின் தன்மையைப் பார்த்துக் குறைக்கலாம் என்பது உண்மை. ஆனால் வழக்கு, விசாரணை, மாவட்டத் தலைநகருக்கு அலைச்சல் எல்லாமே சிறியவருக்குப் பெரிய தண்டனை.

இத்தனை சுமையும் சாப்பிடுபவரைக் காப்பாற்றுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தின் விற்பனையை கேரள உயர்நீதிமன்றம் நிறுத்தியது. அதில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது என்ற ஆய்வக அறிக்கைதான் காரணம். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் கிடங்கில் முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் டின்கள் விற்கும் நிலையில் இல்லை. சந்தேகத்தை எழுப்பியது ஆய்வகச் சோதனை. எழுத்தின் உயரத்தை அளந்திருந்தால் அது தெரிந்திருக்காது.

ஏலமலைத் தோட்டங்களின் மெய்யான கவலைகள் வேறு. மருந்து எச்சம் ஒன்று. பழைய காயைப் பச்சையாகக் காட்டச் செயற்கைச் சாயம் ஏற்றுவது இன்னொன்று. உலகிலேயே அதிகம் ஏலக்காய் விளைவிக்கும் குவாதமாலாவின் மலிவுக் காய் உள்நாட்டுக் காயோடு கலந்துவிடுகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். இந்த மூன்றையும் பற்றி வாங்குபவருக்குப் பாக்கெட் எதுவும் உருப்படியாகச் சொல்வதில்லை.

இறைச்சியில் ஐரோப்பா கற்ற பாடம் இங்கே உதவும். ‘மேட் கவ்’ எனப்பட்ட மாட்டு மூளை நோய் தந்த அச்சத்துக்குப் பிறகு, 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் மாட்டிறைச்சிக்குக் கடுமையான லேபிள் விதிகளைக் கொண்டுவந்தது. மாடு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே வெட்டப்பட்டது என்பதைச் சொல்வது கட்டாயம். அதற்கு மேல் தாங்களாக ஏதாவது தகவல் சேர்க்க விரும்பினால் முன்னதாக அரசின் ஒப்புதலும் வாங்க வேண்டும். வணிகர்களுக்கு இது வீண் சுமை என்று கண்டு, 2014 டிசம்பரில் அந்த முன் ஒப்புதல் முறையை நீக்கினார்கள். பிறந்த, வளர்ந்த, வெட்டிய இடங்களைச் சொல்லும் கடமையில் மட்டும் கைவைக்கவில்லை. மக்களைக் காக்கும் தகவலைப் பிடித்துக்கொண்டு, காகித வேலையை விட்டுவிட்டார்கள்.

இந்தியாவிலும் நல்ல அறிகுறிகள் உண்டு. லேபிள் திருத்தங்கள் எப்போது அறிவிக்கப்பட்டாலும் ஆண்டுதோறும் ஜூலை 1இலிருந்துதான் நடைமுறைக்கு வரும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் முடிவெடுத்திருக்கிறது. கவரை அடிக்கடி தூக்கிப்போட வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்கள் குறைந்தபோது, விற்காத சரக்கில் புது விலை ஸ்டிக்கர் ஒட்டுவது கட்டாயமில்லை என்றும், பழைய கவர்களை 2026 மார்ச் வரை பயன்படுத்தலாம் என்றும் மத்திய நுகர்வோர் துறை அறிவித்தது. 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான ஜன் விஸ்வாஸ் மசோதா, எடையளவுச் சட்டத்தின் சில பிரிவுகளில் முதல் தவறுக்கு அபராதத்துக்குப் பதில் திருத்திக்கொள்ளும் அறிவிப்பு தர வழி சொன்னது. மனம் வைத்தால் தளர்த்த முடியும், அதனால் நுகர்வோருக்கு ஆபத்து எதுவும் வந்துவிடாது என்பதற்கு இவை சாட்சி.

இன்னும் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஏலக்காய், மிளகு, கிராம்பு போன்ற தனிச் சரக்குகளுக்கு இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரே மாதிரி லேபிளைத் தமிழில் வெளியிட வேண்டும். அதைப் பின்பற்றியவரை எந்த ஆய்வரும் லேபிளுக்காக மடக்கக் கூடாது. மாநிலத்துக்குள் விற்கும் பாக்கெட்டுக்கு மாநில மொழி மட்டும் போதும் என்று மத்திய விதி மாற வேண்டும். 100 சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்த பொட்டலங்களுக்குப் பல விவரங்களிலிருந்து ஏற்கெனவே விலக்கு இருக்கிறது. 50 கிராம் வரையிலான மசாலாப் பாக்கெட்டுகளுக்கும் அதை நீட்டலாம். மின்னணுப் பொருள்களுக்கு 2022இல் தந்தது போல, முகவரி போன்றவற்றை க்யூஆர் குறியீட்டுக்குள் அனுப்பலாம். எடை, விலை, தேதி, விளைந்த நாடு ஆகிய நான்கும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பெரிதாக நிற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, குறைகளைத் திருத்த 14 நாளுக்குக் குறையாத அவகாசம் தரும் அறிவிப்புக்கு இன்றைக்கே இடம் தருகிறது. கலப்படமோ நஞ்சோ இல்லாத, வெறும் லேபிள் பிழைகளுக்கு முதலில் அந்த அறிவிப்பைத்தான் தர வேண்டும் என்று மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் தம் அலுவலர்களுக்குச் சொல்லலாம். அப்படி மிச்சமாகும் நேரத்தை ஏலத்துக்கு வரும் மூட்டைகளில் மாதிரி எடுக்கச் செலவிடலாம். சாயமும் மருந்து எச்சமும் பார்க்கும் சோதனை சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் போடியிலேயே கிடைத்தால், ‘சோதித்த காய்’ என்ற வரியை எந்த விதியும் கட்டாயப்படுத்தாமலே வியாபாரிகள் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். அந்த வரிக்கு நல்ல விலையும் கிடைக்கும்.