யார் சோம்பேறி?

1941-ல் அமெரிக்காவில் வால்டர் லான்ட்ஸ் ஒரு கார்ட்டூன் படம் எடுத்தார். ‘சோம்பேறி ஊர்’ என்று ஓர் ஊர். கறுப்பு மக்கள் அத்தனை பேரும் தூங்கி வழிகிறார்கள். பருத்திக் காட்டில் தலைமுறை தலைமுறையாக முதுகொடிந்தவன் சோம்பேறியாம்! அந்தப் பருத்தியில் கொழுத்தவன் யாராம், தோழர்களே?

டிஸ்னி கம்பெனியின் ‘ஃபேன்டேசியா’வில் (1940) இடுப்புக்குக் கீழே குதிரையான அழகிகள் வருகிறார்கள். அவர்கள் குளம்பைத் துடைக்க ஒரு கறுப்புச் சிறுமி. அவளுக்குக் கீழ்ப்பாதி கழுதை! கற்பனை உலகத்திலும் முதலாளிக்கு வேலைக்காரி வேண்டும். வெறும் வேடிக்கைதானே என்கிறார்கள். யாரை வைத்து வேடிக்கை?

லான்ட்ஸ் படம் 1948-ல் மறுபடி கொட்டகைக்கு வந்தது. கறுப்பு மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. எதிர்த்துக் கிளம்பியது. 1949-ல் யூனிவர்சல் கம்பெனி படத்தைச் சுருட்டிக்கொண்டது. எட்டு வருஷம் உறங்கிய மனச்சாட்சி, சங்கம் அதட்டியதும் விழித்துக்கொண்டது போலும்! டிஸ்னியோ அந்தச் சிறுமியை வெட்டக் கத்தரியை எடுத்தது 1960-களில்தான்.