அடுக்களையும் தமிழ்ப்பள்ளியே!

விருதுநகர்ப் பள்ளிகளுக்கும் சோற்றுக்கும் உள்ள உறவு இன்று நேற்று உண்டானதன்று. வீட்டுக்கு வீடு உலையிலிடுமுன் எடுத்துவைத்த பிடியரிசியைக் கொண்டே அந்நகரின் சத்திரிய வித்தியாசாலை வளர்ந்தது. (பெயர்தான் வடமொழி, அரிசி தமிழரிசியே!) அங்குப் பயின்ற காமராசரே 1956-இல் பள்ளிகளில் பகலுணவுத் திட்டத்தைக் கொணர்ந்தார். 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலையுணவும் சேர்ந்தது. குழந்தையின் வயிறு ஒருவாறு நிறைந்தது. அதன் வாய்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஊர்ப்புறங்களில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலுக்குச் செல்லும் தாய், விடியுமுன் உலையிறக்கிவிட்டு ஆலைவண்டி ஏறிவிடுகிறாள். அவள் முந்தானையைப் பற்றி நின்று குழந்தை கேட்டிருக்க வேண்டிய சொற்கள் கேளாமலே போகின்றன. அவை சிலவா? அவித்தல், வறுத்தல், வதக்கல், பொரித்தல், தாளித்தல், துழாவல், கிளறல், மசித்தல், கடைதல் என வினைக்கொரு சொல்லன்றோ நம் மொழி வைத்திருக்கிறது! முறத்தைக் கையிலெடுத்தாலே புடைத்தல், கொழித்தல், தெள்ளல் என மூன்று சொற்கள். மூன்றும் மூன்று அசைவுகள். கையால் செய்து கண்டாலொழிய இவற்றின் வேறுபாடு எந்த அகரமுதலியாலும் விளங்காது.

இவ்வினைகளை வகுப்பறைக்குள் கொணர்தல் புதுமையன்று. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி, நீரூற்றுதல் போன்ற வீட்டுவினைகளையே இளஞ்சிறார்க்கு முதற்பாடமாக்கியவர். நமக்கும் இதற்குப் பெரும்பொருள் வேண்டா. வெடிமருந்து புழங்கும் இவ்வட்டாரத்தில் குழந்தையருகே அடுப்பும் வேண்டா. அவல் நனைக்கலாம், எலுமிச்சை பிழியலாம், பயற்றை முளைகட்டலாம், முன்னரே வறுத்து ஆறிய எள்ளை வெல்லத்தோடு இடித்து உருண்டை பிடிக்கலாம். பயறு ஊறுமுன் எப்படியிருந்தது, ஊறியபின் என்னாயிற்று என்று ஆசிரியை வினவட்டும். 'முதலில்', 'பிறகு', 'அதனால்' என்று நாலகவைக் குழந்தையும் தொடர்கோத்துப் பேசும். செய்முறையைக் கரும்பலகையில் எழுதினால், தான் தின்ற பொருளின் பெயரைத் தானே படிக்கும். 'எ' என்பதற்கு எள் கையிலிருக்க ஏட்டில் படம் எதற்கு?

நடந்ததோ வேறு. 2019-இல் அரசே 2,381 குழந்தைகள் நடுவங்களில் ஆங்கில வழி மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. கம்பும் குதிரைவாலியும் விளையும் கரிசற்காட்டில் குழந்தை 'ஆப்பிள்' என்று வாய் திறக்கிறது. கம்பைக் காட்டினால் விழிக்கிறது. பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. 2012-இல் முதலிப்பட்டி வெடிநேர்ச்சியில் கருகிய உடல்களைக் கண்ட ஊர்கள் இவை. ஆங்கிலம் படித்தால் தம் பிள்ளை மருந்தறைக்குள் போகாது என்று அவர்கள் நம்புகிறார்கள். அச்சம் மெய், காட்டப்பட்ட வழிதான் பொய். தாய்மொழியில் சொல்வளம் பெறாத பிள்ளைக்கு ஆங்கிலமும் மனப்பாடமாகவே நிற்கும்.

சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் அம்மையாரிடம் இச்சொற்கள் அத்தனையும் உள்ளன. அவரைப் புகைக்கூண்டின் கீழேயே நிறுத்திவைக்காமல், முறத்தோடு வகுப்புக்குள் அழையுங்கள். கிழமைக்கு ஒருநாள், அரைமணிப் பொழுது போதும்.