பலகை குழப்பினால் விமானியை மட்டும் குறை சொல்லலாமா?

தோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் தவறான அம்புக்குறியைப் பார்த்து நடந்துவிட்டால் உங்களுக்கு என்ன நட்டம்? ஐந்து நிமிடம் வீணாகும், கொஞ்சம் எரிச்சல் வரும். அவ்வளவுதான். ஆனால், விமான நிலையத்தின் தரையில் ஒரு விமானி தவறான பக்கம் திரும்பினால் நூற்றுக்கணக்கான உயிர்கள் ஆபத்தில் சிக்கக்கூடும்.

பயணிகள் ஏறிய இடத்திலிருந்து ஓடுபாதைவரை விமானம் ஊர்ந்து செல்லும் வழிக்கு 'டாக்சிவே' என்று பெயர். பெரிய விமான நிலையங்களில் இவ்வழிகள் வலைபோல் பின்னிக் கிடக்கும். விமானிக்குத் துணையாக இருப்பவை வரைபடம், வழியோரப் பலகைகள், தரை விளக்குகள், கட்டுப்பாட்டு அதிகாரியின் குரல் ஆகியவையே.

பலகைகளுக்கு ஒரு மொழி உண்டு. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருந்தால், 'நீங்கள் இருக்கும் இடம் இது' என்று பொருள். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து, 'அந்த வழி இந்தப் பக்கம்' என்று காட்டும். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, 'அனுமதியின்றித் தாண்டக்கூடாது' என்று எச்சரிக்கும். இரவில் டாக்சிவேயின் ஓரத்தில் நீல விளக்குகளும் நடுவில் பச்சை விளக்குகளும் ஒளிரும். டாக்சிவேக்குப் பெயரிடும்போது ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, எக்ஸ் மூன்றையும் தவிர்க்கிறார்கள். முதல் இரண்டும் ஒன்று, சுழியம் என்ற எண்களைப் போலத் தெரியும். மூன்றாவது, மூடப்பட்ட பாதையைக் குறிக்கும் அடையாளம்.

இவ்வளவு யோசித்து அமைத்தும் விபத்துகள் நடந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் நாட்டு விமானத்துக்கே நேர்ந்தது.

2000ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி இரவு, சிங்கப்பூர் ஏர்லைன்சின் எஸ்கியூ006 விமானம் தைப்பேயிலிருந்து லாஸ் ஏஞ்சலிசுக்குப் புறப்பட்டது. சூறாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் கனமழை, பலத்த காற்று. விமானம் '05 இடது' என்ற ஓடுபாதையிலிருந்து கிளம்பவேண்டும். ஆனால், அதற்கு இணையாக இருந்த '05 வலது' ஓடுபாதைக்குள் திரும்பிவிட்டது. அந்த ஓடுபாதையின் ஒரு பகுதி கட்டுமானப் பணிக்காக மூடப்பட்டிருந்தது. வேகமெடுத்த விமானம் அங்கிருந்த கான்கிரீட் தடுப்புகளிலும் கட்டுமான இயந்திரங்களிலும் மோதியது. விமானத்தில் இருந்த 179 பேரில் 83 பேர் மாண்டனர்.

அந்த ஓடுபாதை மூடப்பட்டிருந்தது விமானிகளுக்குத் தெரியும். பிறகு ஏன் உள்ளே சென்றார்கள்? தரையில் இருந்த பச்சை விளக்குகளைக் கவனியுங்கள். மூடிய ஓடுபாதைக்குள் அவை நெருக்கமாக வளைந்து சென்றன. சரியான ஓடுபாதைக்கு நேராகச் செல்லும் வழியிலோ ஒருசில விளக்குகளே இருந்தன. அவற்றிலும் ஒன்று எரியவில்லை, இன்னொன்று மங்கலாக இருந்தது. மூடிய பாதையின் வாயிலில் தடுப்பு எதுவும் இல்லை. திசைகாட்டியும் உதவியிருக்காது. 05 என்ற எண், ஓடுபாதை ஏறத்தாழ 50 பாகை திசையை நோக்குகிறது என்பதைக் குறிக்கும். இணையான இரண்டு ஓடுபாதைகளுக்கும் திசை ஒன்றுதானே!

விமானிகள் தங்கள் பாதையைப் போதுமான அளவு சரிபார்க்கவில்லை என்றது தைவானின் விசாரணை அறிக்கை. விமான நிலையக் குறைபாடுகளுக்கு அந்த அறிக்கை உரிய முக்கியத்துவம் தரவில்லை என்றது சிங்கப்பூர்ப் போக்குவரத்து அமைச்சு.

என் கருத்து இதுதான்: விமானிக்குப் பொறுப்பு உண்டு, மறுக்க முடியாது. ஆனால், 'கவனமாக இருந்திருக்கவேண்டும்' என்பது பாதிப் பதில். களைப்பும் மழையும் அவசரமும் சேரும்போது மனித மூளை தான் எதிர்பார்ப்பதையே காண்கிறது. மூளையை மாற்றி அமைக்க நம்மால் முடியாது. பலகையையும் விளக்கையும் வரைபடத்தையும் மாற்ற முடியும்.

அடுத்த ஆண்டே இன்னொரு பாடம் கிடைத்தது. 2001 அக்டோபர் 8, இத்தாலியின் மிலான் நகரிலுள்ள லினாத்தே விமான நிலையம். அடர்ந்த மூடுபனியில், 'ஆர்5' வழியே செல்லவேண்டிய ஒரு சிறிய விமானம் 'ஆர்6' வழியே சென்றது. 'எஸ்4' என்று தரையில் எழுதியிருந்த இடத்தை அடைந்ததாக அதன் விமானி தெரிவித்தார். அந்தக் குறியீடு கட்டுப்பாட்டு அதிகாரியின் வரைபடத்தில் இல்லை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடாரும் அப்போது பயன்பாட்டில் இல்லை. சிறிய விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த பயணிகள் விமானத்தின் குறுக்கே வந்தது. 118 பேர் மாண்டனர். தரையில் ஒரு பெயரும் வரைபடத்தில் வேறொன்றும் இருந்தால், எவ்வளவு கவனமான மனிதரும் தவறக்கூடும்.

இன்று சாங்கி விமான நிலையத்தில், ஒரு விமானம் போகவேண்டிய வழியில் பச்சை விளக்குகளை எரியவிட்டு, 'பச்சையைப் பின்தொடருங்கள்' என்று சொல்கிறார்கள். விமானம் இருக்கும் இடத்தைக் காட்டும் மின்னிலக்க வரைபடமும் சில விமானி அறைகளில் உண்டு. நல்ல முன்னேற்றம்தான். ஆனால், நேற்று மூடிய பாதை இன்று அந்தத் திரையில் திறந்திருப்பதாகத் தெரிந்தால், புதிய கருவியும் பழைய தவறையே செய்யும்.

ஆகவே, எந்த விமான நிலையமும் மூன்று விதிகளைக் கைவிடக்கூடாது. தரை, வரைபடம், அதிகாரியின் வாய்ச்சொல் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும். மூடிய பாதையை அறிவிப்பால் மட்டுமன்றித் தடுப்பாலும் மூடவேண்டும், அதற்குள் செல்லும் விளக்குகளை அணைக்கவேண்டும். புதிய பலகைகளை, அந்த இடத்தை முன்பின் அறியாத விமானியைக் கொண்டு, இரவிலும் மழையிலும் சோதிக்கவேண்டும். இதற்குச் செலவாகும் என்பார்கள். உண்மைதான். ஆனால், ஒரு விபத்தின் இழப்போடு ஒப்பிட்டால் அது சிறிய தொகையே.

மூன்றாவது விதியை உங்கள் பள்ளியிலேயே சோதித்துப் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவரிடம், யாரையும் கேட்காமல் பலகைகளை மட்டும் பார்த்து அறிவியல் கூடத்துக்குச் செல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே தவறாகத் திரும்புகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். திருத்தவேண்டியது அந்தப் பலகையை.