பசங்க வராங்களா?

புரட்டாசி பிறந்ததும் எங்கள் குடியிருப்பில் ஒரு கேள்வி நடமாட ஆரம்பிக்கும். நடைபாதையில், டைனிங் ஹாலில், பிசியோதெரபி அறைக்கு வெளியே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில், எங்கே உட்கார்ந்தாலும் அதுதான். "தீபாவளிக்குப் பசங்க வராங்களா சார்?" கேட்பவர் பிரியமாகத்தான் கேட்கிறார். ஆமாம் என்றால் விமானம் இறங்கும் நேரம், பேரனுக்குப் பிடித்த பலகாரம் வரை விவரம் கொட்டும். இல்லையென்றால் பதில் சுருங்கிவிடும். "இந்தத் தடவை லீவு கிடைக்கலை. பொங்கலுக்குப் பார்க்கலாம்." பொங்கலுக்கும் இதே பதில்தான் வரும் என்பது கேட்டவருக்கும் தெரியும்.

கோயம்புத்தூருக்கு மேற்கே, தொண்டாமுத்தூர், சிறுவாணிச் சாலைப் பக்கம் இதுபோன்ற முதியோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, குடிக்க நல்ல தண்ணீர், எட்டும் தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள், பிள்ளைகள் வந்துபோக விமான நிலையம். சென்னையிலும் மும்பையிலும் வேலைபார்த்து ஓய்ந்தவர்கள் வேறென்ன வேண்டுமென்று வந்து சேர்ந்தோம். வீடு பார்க்க வந்த அன்று கழிப்பறைக் கைப்பிடியைக் காட்டினார்கள், வழுக்காத டைல்ஸைக் காட்டினார்கள், கட்டிலருகே இருக்கும் அவசர மணியை அழுத்தியே காட்டினார்கள். எல்லாம் உண்மைதான். மணி அடித்தால் ஓடிவருகிற ஆளுக்கும் தீபாவளி உண்டு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

பண்டிகை வாரத்தில் இந்த இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பாதிப் பேர் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் கிளம்பிவிடுவார்கள். வீடு பெருக்கும் பெண்கள் ஊருக்குப் போவார்கள். சமையல்கட்டில் இருக்கும் பீகார் பையன்கள், தீபாவளி அமாவாசைக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜையையும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுத்திருப்பார்கள். இருக்கிற ஒரு நர்ஸ் இரண்டு ஷிஃப்ட் பார்ப்பார். மருந்துக் கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், வழக்கமான டாக்டர், எல்லாம் லீவு. வடகிழக்குப் பருவமழை வேறு. மற்ற நாட்களில் ஒருவர் காலை உணவுக்கு வரவில்லை என்றால் பரிமாறுகிற பையனே "அந்தத் தாத்தா எங்கே?" என்று கேட்டுவிடுவான். அந்த வாரத்தில் யார் ஊரில் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதே யாருக்கும் தெரியாது. பால் பாக்கெட் வாசலில் கிடந்தாலும், ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நடந்துவிடுவோம்.

இதில் இன்னொரு சிக்கல். பிள்ளைகள் வராதவர்கள்தான் அந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டில் பேரக்குழந்தைகள் மத்தாப்புக் கொளுத்தும்போது, வாசலில் நின்றால் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். பரிதாபப்படுவார்கள். அதற்கு உள்ளேயே இருந்துவிடலாம். யாராவது ஒரு கண் வைக்க வேண்டியவர்கள் இவர்கள்தான். இவர்களே கண்ணில் படாமல் ஒதுங்குகிறார்கள். கைப்பிடியும் அவசர மணியும் இந்தக் கூச்சத்துக்கு என்ன செய்யும்?

எண்ணெய்க் குளியலையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் இருட்டில், தூக்கக் கலக்கத்தில், பிரஷர் மாத்திரை போடுகிற ஒரு உடம்பு, தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெயோடு தனியாகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறது. எந்த டைல்ஸும் நல்லெண்ணெய்க்கு முன்னால் நிற்காது. எழுபதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தால் அதற்கப்புறம் பழைய நடை பலருக்குத் திரும்புவதில்லை. குளிக்காதே என்று சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். விடிந்தபிறகு குளித்தால் நரகாசுரன் ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கலாம், தாழ்ப்பாள் போடாமல் கதவை வெறுமனே சாத்தலாம். அதைவிட முக்கியம், தீபாவளி எண்ணெயைத் தானே வைத்துக்கொள்கிற வழக்கம் நம் வீடுகளில் எப்போது இருந்தது? வீட்டில் மூத்தவள் மணைப்பலகையில் உட்கார வைத்து, உச்சியில் வைத்துத் தேய்ப்பாள். எங்கள் பிளாக்கில் தனியாக இருக்கும் நாலைந்து பெண்மணிகள் போன வருடம் அதைத்தான் செய்தார்கள். எண்பத்தைந்து வயது டீச்சரம்மா வீட்டுக்குப் போய் வரிசையாக உட்கார்ந்து எண்ணெய் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி குளித்து வரும்வரை மற்றவர்கள் ஹாலில் காபியோடு காத்திருந்தார்கள். பாதுகாப்பு விதி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தால் ஒருவரும் செய்திருக்க மாட்டார்கள்.

பட்டாசைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று சொன்னபிறகு, தமிழ்நாட்டில் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று வைத்தார்கள். சுற்றியுள்ள லேஅவுட்டுகளில் யாரும் கடிகாரம் பார்த்துக் கொளுத்துவதாகத் தெரியவில்லை. ஆஸ்துமாக்காரர்கள் ஜன்னலைச் சாத்தி இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மாத்திரை இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைப்பதும், சர்க்கரைக்காரர்கள் லேகியத்திலும் வெல்லம் உண்டு என்பதை நினைவில் வைப்பதும் அவரவர் பொறுப்பு.

ஆனால் போனில் வரும் ஆபத்தைப் பேசியே ஆக வேண்டும். 2024 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, பிரதமரே வானொலியில் எச்சரித்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடி. போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோ காலில் வருவான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், இந்த வீடியோ காலிலேயே உங்களைக் கைது செய்கிறேன் என்பான். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. அவன் போடுகிற முதல் நிபந்தனையைப் பாருங்கள்: இதை யாரிடமும் சொல்லக்கூடாது, அழைப்பைத் துண்டிக்கக்கூடாது. டைனிங் ஹாலில் பத்துப் பேரோடு உட்கார்ந்திருப்பவரிடம் அது பலிக்காது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருப்பவர்தான் அவனுக்கு வேண்டும். போனை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாலே பாதி விஷம் இறங்கிவிடும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்ல வேண்டும். மூத்த குடிமக்களுக்கென்று 14567 இருக்கிறது. காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரைதான் எடுப்பார்கள். நடுராத்திரியில் மூச்சுத் திணறினால் 108.

இத்தனைக்கும் அடியில் இருப்பது தனிமைதான். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023-ல் தனிமை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். மனிதத் தொடர்பு இல்லாமல் போவது ஆயுளுக்குச் செய்யும் கேடு, தினம் பதினைந்து சிகரெட் வரை பிடிப்பதற்குச் சமம் என்றது அது. இதை நான் மாலை அரட்டையில் சொன்னபோது ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "அப்படின்னா அந்தப் பதினைஞ்சையும் பிடிச்சிருக்கலாமே சார், அநியாயமா விட்டுட்டேன்" என்றார்.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் இருக்கும் வெளிநாடுகளில் தீபாவளி பெரும்பாலும் வேலைநாளில் வருகிறது. நமக்குக் காலை ஏழு மணி என்றால் கலிஃபோர்னியாவில் முந்தின நாள் மாலை ஆறரை. வேலை முடிந்து ஹைவேயில் கார் ஓட்டிக்கொண்டிருப்பான் பையன். அந்த நேரத்தில் வரும் ஐந்து நிமிட வீடியோ காலுக்காகப் புதுப்புடவை கட்டி, விளக்கேற்றிக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் முடிந்ததும் மீதி நாள் முழுக்க அப்படியே கிடக்கிறதே, அதற்குத்தான் ஏற்பாடு வேண்டும்.

இந்த வருடம் அதனால் பேச்சை மாற்றியிருக்கிறோம். "பசங்க வராங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. "நீங்க ஊர்ல இருக்கீங்கதானே? செவ்வாய்க்கிழமை தேங்காய் துருவ ஆள் வேணும்" என்று கேட்கிறோம். ஊரில் இருப்பவர்கள் பட்டியல் செக்யூரிட்டி கையில் ஒன்று, நர்ஸிடம் ஒன்று. காலை எட்டு மணிக்குள் பிளாக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் வணக்கம் போடாதவர் வீட்டுக் கதவை எதிர்வீட்டுக்காரர் தட்ட வேண்டும். எனக்கு இந்தக் காலை வணக்கப் பூங்கொத்துப் படங்கள் மேல் இருந்த வெறுப்பு இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. தீபாவளி போனஸோடு, ஊருக்குப் போகாமல் நிற்கிற ஊழியர்களுக்குக் கூடுதலாக ஒரு தொகையும் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. அதில் முணுமுணுத்தவர்கள் இருவர்தான்.

சமையல்காரர்கள் இல்லாத நாட்களில் மதியச் சாப்பாட்டை நாங்களே சமைப்பதென்றும் தீர்மானம். காய் நறுக்க உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கிறவர்கள், அடுப்பருகே நிற்கத் தெம்புள்ளவர்கள், ருசி பார்த்துக் குறை சொல்ல மட்டும் வருகிறவர்கள் என்று பட்டியல் தயார். தகராறு ஒன்றே ஒன்றுதான். அமாவாசையன்று கேதார கௌரி விரதம், சாம்பாரில் வெங்காயம் கூடாது என்கிறது ஏ பிளாக். பி பிளாக் சின்ன வெங்காயம் இல்லாத சாம்பாரைச் சாம்பார் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மாலை இதற்காகவே மீட்டிங். இதுவரை எந்த மீட்டிங்குக்கும் வராதவர்கள்கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.